தைரியத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு

விடுதியின் இரண்டாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருந்த அறையில் நாங்கள் இருவரும் மூன்றரை வருடம் சேர்ந்து இருந்தோம். தொட்டி நிரம்பி வழியும் போதெல்லாம் எங்கள் ஜன்னலில் மட்டும் மழை பெய்யும். அவளை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிட்டோம். முதல் வருடம் வேதியியல் ஆசிரியர் அவளுடைய நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது எழுத்தா, எறும்பு போன தடமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவ்வளவு பொடி எழுத்து. ஒரு தபால்தலையின் பின்பக்கத்தில் ஒரு பக்கத்துப் பாடத்தை அடக்கிவிடுவாள். அதுவும் அடித்தல் திருத்தல் இல்லாமல், வரி கோணாமல்.

நாங்கள் படித்தது மருந்தியல். நான்கு வருடப் படிப்பு. ஆயிரம் மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் அளவு, பக்க விளைவு, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல். எனக்கு எதுவும் தலையில் நிற்காது. எறும்புக்கு எல்லாம் நிற்கும். நிற்பது மட்டுமில்லை, அடுத்தவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவும் வரும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை டீ வடிகட்டியையும் ஒரு கிழிந்த சாக்ஸையும் வைத்து எனக்கு விளக்கினாள். அவள் சொல்லிக்கொடுத்தால் மரமண்டைக்கும் ஏறும். மரமண்டை என்று நான் சொல்வது என்னைத்தான்.

அந்த சாக்ஸ் பாடம் நடந்த மறுநாள் எங்களுக்கு முதல் உள்தேர்வு. இருபத்தைந்துக்குப் பதினாறு எனக்கு. அவளுக்கு இரண்டு. தாளில் வரிசை எண்ணும் மூன்று வரியும் மட்டும் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் அவளைக் காணாமல் தேடிப் போனேன். ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த இரும்புப் படிக்கட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"எழுத வரல."

"நேத்து நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?"

"உனக்குச் சொல்லும்போது தெரிஞ்சுது. கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் போயிடுச்சு. சுத்தமாப் போயிடுச்சு. என் பேர எழுதறதுக்கே யோசிச்சேன்."

அப்போதுதான் அவள் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னாள். அவளுடைய அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஊருக்குள் எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று யாருக்கும் தெரியாது. ஏறினால் ஒருவரையும் விட மாட்டார். தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற பேச்சே கிடையாது. சொந்தத் தம்பிக்கே அபராதச் சீட்டு எழுதியவர் என்று பெயர். பள்ளியின் கடைசிக்கு முந்தைய வருடத்தில் அவள் ஒரு உதவித்தொகைத் தேர்வு எழுதினாள். வகுப்பில் முதலாவதாக வருபவள் என்பதால் எல்லோரும் அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேர்வறையில் உட்கார்ந்ததும் தலைக்குள் விளக்கு அணைந்தது போல ஆகிவிட்டது. மதிப்பெண் தாள் வந்தபோது அப்பா அதை வாங்கிப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பரவால்ல" என்றார். அதன் பிறகு ஒரு வாரம் வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை.

"திட்டியிருந்தா அழுதுட்டுத் தூங்கியிருப்பேன்டி. அந்த ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில ஸ்பூன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எந்தப் பரீட்சைன்னாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் காதுல விழுது."

இனி நான் என்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குப் பள்ளியிலிருந்தே பிட்டு எழுதிக்கொண்டு போகும் பழக்கம் உண்டு. அதற்காக ஒரு நாளும் மனசு உறுத்தியதில்லை. உறுத்தாமல் இருக்க என்னிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. எல்லோரும்தான் பண்ணுகிறார்கள். ஆசிரியர் பத்து வருடத்துக்கு முன்னால் தயாரித்ததையே திரையில் போட்டு வாசித்துவிட்டுப் போகிறார். அவர் மட்டும் உழைக்கிறாரா? இதையெல்லாம் மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது, வேலைக்குப் போனால் புத்தகம் இருக்காதா? இப்படி ஒன்று செல்லாவிட்டால் இன்னொன்று. உண்மையில் எனக்குச் சோம்பல். அந்த ஒரு காரணத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த உள்தேர்வுக்கு முந்தைய மாலை எறும்பு சாப்பிடவில்லை. புத்தகத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். நான் எனக்காக எழுதியிருந்த ஒரு சீட்டை மடித்து அவள் கையில் வைத்தேன்.

"ச்சீ, எனக்கு வேணாம்."

"பார்த்து எழுதச் சொல்லல. சும்மா பாக்கெட்ல வச்சுக்கோ. ஒரு தைரியத்துக்கு."

அந்தத் தேர்வில் அவள் இருபத்துநான்கு வாங்கினாள். சீட்டை வெளியே எடுக்கவே இல்லை. அறைக்கு வந்ததும் மடிப்புக் கலையாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்து, "உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. அடுத்த தடவை நானே எழுதிக்கறேன்" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு சீட்டு இல்லாமல் அவள் எந்தத் தேர்வுக்கும் போனதில்லை. ஒரு முறை மறந்துவிட்டு மண்டபத்து வாசல் வரை போனவள், திரும்பி விடுதிக்கு ஓடிவந்து எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் தாமதமாகப் போய் எழுதினாள். நான் ஒருநாள் கேட்டேன்.

"ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்திருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடி?"

"இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

எழுதிப் பார்க்கும்போதே பாடம் அவளுக்கு மனப்பாடமாகிவிடும். அதை நான் எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். தனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் துண்டுத் தாளுக்குள் இருக்கிறது, தாள் போனால் தானும் காலி என்றே நம்பினாள்.

விஷயம் மெல்ல வெளியே கசிந்தது. கசியவிட்டது நானேதான். என் சீட்டையும் அவளே எழுதித் தர ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்த பக்கத்து அறைப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். மூன்றாம் வருடத்தில் எட்டுப் பேருக்கு எழுதிக்கொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. நகலெடுத்துக் கொடுத்தால் போதாதா என்றால், "நகல்ல எழுத்து மங்கிடும்" என்பாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. அது மட்டுமில்லை. வகுப்பில் அவளை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. தேர்வு நெருங்கினால் மட்டும் எங்கள் அறை வாசலில் செருப்புகள் குவியும். "எறும்பு, எனக்கு அந்த ரத்த அழுத்த மருந்து மட்டும்" என்று கொஞ்சுவார்கள். அந்த இரண்டு வாரம் அவள் முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

ஏழாவது செமஸ்டரின் கடைசித் தேர்வு. காலை பத்து மணி. நான் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால். ஆய்வக உதவியாளரான ஒரு அம்மா புதிதாகக் கண்காணிப்புக்கு வந்திருந்தார். ரப்பர் செருப்பு, நடந்தால் சத்தமே வராது. பதினொன்றரை இருக்கும். எறும்புக்குத் தும்மல் வந்தது. பையிலிருந்து கைக்குட்டையை உருவினாள். கைக்குட்டையோடு சீட்டும் வந்து தரையில் விழுந்தது.

அந்த அம்மா குனிந்து எடுத்தார். முதலில் அது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு எறும்பின் முகத்தைப் பார்த்தார். அவரே பதறிப்போனார் என்று நினைக்கிறேன். "இது உன்னுதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தரையில் கிடந்தது, யாருடையதோ என்று சாதித்திருக்கலாம். நானாக இருந்தால் சாதித்திருப்பேன். எறும்பு எழுந்து நின்று, "ஆமா மேடம்" என்றாள்.

என் பேனா மூடிக்குள் அதே எழுத்தில், அதே பாடத்துக்கு இன்னொரு சீட்டு இருந்தது. தலைமைக் கண்காணிப்பாளர் வந்து அவளை அழைத்துப் போகும் பரபரப்பில், நான் கை தூக்கிக் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டேன். போய் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கிழித்துக்கூடப் போடவில்லை. திரும்பி வந்து தேர்வை எழுதி முடித்தேன்.

மதியம் கழிப்பறையைச் சுத்தம் செய்தவர் அதை எடுத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து விசாரணை. நீள மேஜை, அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் வயதான வேதியியல் பேராசிரியர். அறைத்தோழி என்பதால் என்னையும் வரச்சொல்லிச் சுவரோரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேஜை மேல் ஒரு வெள்ளைத் தாள் விரித்து அதில் இரண்டு சீட்டுகளை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி.

"ரெண்டும் உன் எழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஒண்ணு உன்கிட்ட இருந்துச்சு. இன்னொண்ணு யாருக்குக் குடுத்த?"

அவர் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். அதட்டினார். பெயரைச் சொன்னால் தண்டனை குறையும் என்றார். அவள் மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பேருக்குக் கொடுத்திருந்தாள். தொட்டியில் கிடந்தது யாருடையது என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

பேராசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்து முதல் சீட்டைப் படிக்க முயன்றார். ஏதோ யோசித்தவர் தலையைத் தூக்கி, "இதுல என்ன எழுதியிருக்க? பார்க்காமச் சொல்லு" என்றார்.

எறும்பு சொன்னாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மருந்துப் பெயர், அளவு, எத்தனை மணிக்கு ஒரு முறை, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று தண்ணீர் மாதிரி. பேராசிரியர் பூதக்கண்ணாடியை வரிவரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க நாப்பதுன்னு போட்டிருக்க, நாப்பத்தஞ்சுன்னு சொல்ற?" என்றார். "நாப்பத்தஞ்சுதான் சார். கடைசியில இருக்கறது அஞ்சு, மடிப்புல பாதி அழிஞ்சு சைபர் மாதிரி தெரியும்" என்றாள். அவர் சீட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு இது எதுக்கும்மா?"

"எனக்குத் தெரியாதுன்னு தோணிடும் சார்."

அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஒரே ரூம்ல இருக்க. இவ எழுதறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

எறும்பு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஒரு சீட்டு மட்டும் என்றால் அந்த ஒரு தேர்வு ரத்தாகியிருக்கும். இரண்டாவது சீட்டு இருந்ததால் அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த குற்றமும் சேர்ந்தது. அந்த செமஸ்டர் முழுக்க ரத்து, ஒரு வருடம் தேர்வு எழுதத் தடை, விடுதியைக் காலி செய்ய வேண்டும். உத்தரவில் பெற்றோர் கையெழுத்து கேட்டிருந்தார்கள். அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊர்க் கோடியில் இருந்த ஒரு மருந்துக் கிடங்கில், பெட்டிகளைத் தேதி பார்த்துப் பிரித்து அடுக்கும் வேலையில் சேர்ந்தாள். தையல்காரப் பெண்மணி ஒருவரின் வீட்டில் மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்து, விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று மறக்காமல் குறை சொல்வாள்.

அந்தப் பொய் மூன்று மாதம் ஓடியது. அதை உடைத்தது ஒரு மெத்தை.

காலி செய்தபோது மெத்தையை அறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். விடுதிக் காப்பாளர் விதிப்படி, 'தங்கள் மகள் விட்டுச் சென்ற மெத்தையைப் பதினைந்து நாளுக்குள் எடுத்துச் செல்லவும்' என்று வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டார். ஒரு சனிக்கிழமை முற்பகல் பார்வையாளர் அறையில் என்னைத் தேடி யாரோ வந்திருப்பதாகச் சொன்னார்கள். சீருடையோடு உட்கார்ந்திருந்தார் அவளுடைய அப்பா. மடியில் தொப்பி. கையில் அந்தக் கடிதம், நான்காக மடித்து.

"அவ எங்கம்மா இருக்கா?"

காப்பாளர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். என்னிடம் அப்பா கேட்டது இடம் மட்டும்தான். நான் கூட்டிப் போகிறேன் என்றேன்.

முக்கால் மணி நேரப் பஸ் பயணம். பாதி வழியில் ஒரு பரிசோதகர் ஏறினார். இவரைப் பார்த்ததும் சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் பின்னால் போனார். கடைசி இருக்கையில் ஒருவர் டிக்கெட் இல்லாமல் மாட்டினார். நல்ல சட்டை, தோளில் பை, கையில் விலையுள்ள போன். எறும்பின் அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"நான் வித்தவுட்ல பிடிச்சவங்கள்ல பாதிப் பேர் பாக்கெட்ல டிக்கெட்டுக்குக் காசு இருக்கும்மா. ஆரம்பத்துல எனக்கு ஆத்திரமா வரும். காசு இருக்கே, எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானேன்னு கேப்பேன். ஒருத்தனுக்கும் பதில் சொல்லத் தெரியாது. திருதிருன்னு முழிப்பான். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டேன்."

"அபராதம்?"

"அத எப்படி விட முடியும்?"

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "அவ பார்த்து எழுதினாளாம்மா?"

"இல்லப்பா. எடுத்துக்கூடப் பார்க்க மாட்டா. எனக்கு நல்லாத் தெரியும்."

அங்கேயே மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம். முதல் சீட்டைக் கொடுத்தது நான், இரண்டாவது சீட்டு என்னுடையது என்று. வாய் வரைக்கும் வந்தது. நிறுத்தம் வந்துவிட்டது என்று எழுந்துகொண்டேன். உண்மையில் இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது.

கிடங்கின் ஷட்டருக்கு வெளியே அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எறும்பு நீலக் கோட்டும் முகக்கவசமுமாக வெளியே வந்தாள். அப்பாவைச் சீருடையில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகக்கவசத்தைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"மெத்தைய எடுத்துட்டுப் போகச் சொல்லி லெட்டர் வந்துச்சு" என்றார் அப்பா.

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் ஒன்றும் பேசாமல் நின்றார். பேசத் தெரியாத மனிதர். சீட்டு எழுதிக் கொடுத்தே பழகியவர்.

"திட்டுங்கப்பா. அன்னிக்கு மாதிரி பேசாம மட்டும் இருக்காதீங்க."

"என்னிக்கு?"

"அந்த உதவித்தொகைப் பரீட்சையப்போ. ஒரு வாரம் நீங்க என்கூடப் பேசல."

அவருக்கு நினைவில்லை. நிஜமாகவே நினைவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். அவள் வருடத்தையும் மாதத்தையும் சொன்னாள். அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றி ஒரு அட்டைப் பெட்டி மேல் வைத்தார்.

"அந்த வாரமா? அது எனக்கு டிபார்ட்மெண்ட் பரீட்சை ரிசல்ட் வந்த வாரம். சீனியர் இன்ஸ்பெக்டர் ஆகறதுக்கு. மூணாவது தடவையும் கோட்டை விட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்ட மார்க்கப் பத்திப் பேசறது?"

எறும்புக்கு அழுகை நின்றுவிட்டது. "யாருக்கும் சொல்லவே இல்லையே நீங்க. அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. ஆனா அவளுக்குத் தெரியாம இருக்குமா? பாஸாகியிருந்தா தொப்பி மாறியிருக்குமே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோட்டுக் கையில் துடைத்தாள். அப்பா சிரிக்கவில்லை. "என் கையெழுத்த நீ போட்டியே, அது தப்பு. அதுக்கு நான் நாளைக்கு காலேஜ் ஆபீஸ்ல போய்ச் சொல்லணும், நீயும் கூட வரணும்" என்றார். மறுநாள் ஞாயிறு என்பதால் திங்கள்கிழமை போனார்கள். எழுத்து மூலம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, தண்டனையைக் கூட்டாமல் விட்டார்கள். மெத்தையை அவரே தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார் என்று காப்பாளர் சொன்னார். அதற்கும் சுமைக் கட்டணச் சீட்டு வாங்கியிருப்பார்.

தடை முடிந்து அவள் மறுபடி தேர்வு எழுத வந்தபோது நான் படிப்பை முடித்து ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். தண்டனை பெற்றவர்களுக்கு முதல் வரிசையில் தனி மேஜை. உள்ளே போகுமுன் பைகளைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். அவள் காட்டினாள். ஒன்றுமில்லை. நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக வெறும் பையோடு போனாள். முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் வழக்கம் போல எல்லாம் போய்விட்டது. விளக்கு அணைந்துவிட்டது. முப்பது நிமிடம் போனது. நாற்பது நிமிடம். எழுந்து போய்விடலாம் என்று பேனாவை மூடினாள். மூடியவளுக்கு, சீட்டு எழுதும்போது மட்டும் கை ஒரு நாளும் நின்றதில்லையே என்று தோன்றியது. கை தூக்கினாள். ஒரு கூடுதல் தாள் வேண்டும் என்றாள்.

"மெயின் ஷீட்லயே ஒண்ணும் எழுதலையேம்மா?" என்றார் கண்காணிப்பாளர். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாளின் மேல் மூலையில், நகத்தளவு இடத்தில், எறும்பு ஆரம்பித்தாள். பரீட்சைக்கு என்று நினைக்காமல், பக்கத்து அறைப் பெண் வாசலில் நின்று கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதினாள். ஒரு வரி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. கால் மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முழுப் பாடமும் வந்துவிட்டது. பிறகு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடை எழுதத் தொடங்கினாள்.

கண்காணிப்பாளர் சுற்றி வந்தவர் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துப் பதறிப்போய்த் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார். வந்தவர் விசாரணையில் நடுவில் உட்கார்ந்திருந்த அதே பேராசிரியர். அவர் தாளை எடுத்தார். கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். மை காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது.

"இத நீங்கதானே குடுத்தீங்க?"

"ஆமா சார், வெறும் தாளாத்தான் குடுத்தேன்."

"அப்போ இது இந்த ஹால்ல பொறந்ததுதான். எழுதட்டும். முடிச்சதும் இதையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்க." போகிற போக்கில் விரலைத் துடைத்துக்கொண்டே, "மடிப்பு இல்லாததால நாப்பத்தஞ்சு நல்லாத் தெரியுது" என்றாராம்.

அவள் எல்லாத் தேர்வுகளையும் அப்படித்தான் எழுதினாள். முதல் கால் மணி நேரம் கூடுதல் தாளில். பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை. நேரம் போய்விடும் அல்லவா? ஆனால் எல்லாவற்றிலும் தேறினாள்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில், குழந்தைகள் பிரிவுக்கு மருந்து அளந்து அனுப்பும் வேலையில் இருக்கிறாள். அங்கே எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் புத்தகத்தைத் திறந்து அளவைச் சரிபார்க்காமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வேலை போகும். என்னிடமும் மருந்தியல் பட்டம் இருக்கிறது, அவளைவிட நல்ல மதிப்பெண்ணோடு. ஆனால் ஒரு மருந்துக்கடை வாசலில்கூட நான் வேலை கேட்டு நின்றதில்லை. பட்டம் வாங்கிய கையோடு காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடியது ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். சம்பளம் என்று சொன்னேன். ஒரு குழந்தைக்கு என் கையால் மருந்து அளக்க எனக்குப் பயம். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் அவளுடைய மதிய இடைவேளையில் பார்க்கப் போனேன். மருந்தகத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவள் டப்பாவைத் திறந்து ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். அப்போது சொன்னேன். குப்பைத் தொட்டியில் கிடந்தது என் சீட்டு என்று. கிழித்துப் போட்டிருந்தால்கூட அவளுக்கு ஒரு வருடம் போயிருக்காது என்று. முன்கூட்டியே எதுவும் தயார் செய்யாமல், தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அவள் ரொட்டியை மென்று முடித்தாள்.

"தெரியும்."

"எப்படி?"

"எட்டுப் பேர்ல ஏழு பேர் அப்புறமா வந்து, தன்னோடது பத்திரமா இருக்குன்னு சொன்னாங்க. நீ மட்டும் சொல்லல."

நான் கையிலிருந்த ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்தேன்.

"கிடங்குல இருந்தப்போ உன்மேல கோவமா இருந்துச்சு. ஒவ்வொரு தடவை நீ வரும்போதும் இன்னிக்குச் சொல்லுவான்னு பார்ப்பேன். நீ பழம் வாங்கிட்டு வருவ, சினிமாவப் பத்திப் பேசிட்டுப் போயிடுவ. அப்புறம் எனக்கும் அலுத்துப் போச்சு."

"ஏன் நீயே கேக்கல?"

"கேட்டா நீ இல்லன்னு சொல்லிடுவியோன்னு பயம். அதுக்கப்புறம் நீ என்னப் பார்க்க வர மாட்டியே."

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அந்தச் சொல் அவள் வீட்டில் என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் எதிர்பார்க்கவில்லை. "ஒரு வருஷம்டி" என்று மட்டும் சொன்னாள். குரல் உயரவில்லை. டப்பாவின் மூடியை இரண்டு முறை திறந்து மூடினாள்.

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து கோட்டின் மேல் விழுந்திருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள்.

"அடுத்த புதன் எனக்கு மதியம் ட்யூட்டி. காலைல வா, வீட்டுக்கு. அப்பா வந்திருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.